எர்மெலிந்தாவின் மேசையில் பதினாறு மொச்சை

ஜூன் 14, 1956. காலை 7.25.

ஆசிரியை இல்தே வகுப்பறையைத் திறந்ததும் முதலில் பார்த்தது மொச்சைகளைத்தான். ஜன்னலோர மேசையில் வெள்ளையும் சிவப்புமாக ஐந்து வரிசை. அதற்குப் பிறகுதான் அலமாரி திறந்து கிடப்பதையும், தேர்வுத்தாள் உறையின் அரக்கு முத்திரை இரண்டாக உடைந்திருப்பதையும் பார்த்தாள்.

உறை முந்தின நாள் மாலைத் தபாலில் வந்தது. நகராட்சி எழுத்தர் தோன் எவரிஸ்தோ அதைத் தானே பள்ளிக்கு மேல்மாடியிலிருக்கும் தன் அலுவலகத்திலிருந்து கொண்டுவந்து நாலு பேர் பார்க்க அவளிடம் கொடுத்தார். அவள் அலமாரியில் வைத்தாள். அலமாரிப் பூட்டை ஒரு கொண்டை ஊசி திறந்துவிடும். அறைக்கதவுப் பூட்டு அப்படிப்பட்டதல்ல. அதற்கு மூன்றே சாவிகள்: ஒன்று அவளிடம், ஒன்று மாடியில் எவரிஸ்தோவிடம், ஒன்று பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் எர்மெலிந்தாவிடம்.

அந்த ஜன்னலோர மேசை எர்மெலிந்தாவுடையது. பகலில் துடைப்பம் பிடிப்பவள், ஞாயிறு பூசை முடிந்ததும் அதே அறையில் மாணவியாக உட்காருவாள். அவளோடு இன்னும் பத்துப் பேர், எல்லாரும் முப்பது வயதைத் தாண்டியவர்கள். ஐந்தாம் வகுப்புச் சான்றிதழுக்காக இரண்டு வருடமாகப் படிக்கிறார்கள். இன்று தேர்வு. மாகாணத் தலைநகர் பொதென்ஸாவிலிருந்து தேர்வு அதிகாரி பதினொரு மணிப் பேருந்தில் வருகிறார்.

காலை 8.05.

தெற்கு இத்தாலியின் ரோக்காவெர்தே ஊர்க் காவல் நிலையத்தின் தலைவர் மரெஷல்லோ தோரிகோ தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மேசையைக் குனிந்து பார்த்தார். வடக்கே பனிமலைப் பக்கத்துக்காரர். இந்த ஊருக்கு வந்து ஏழு வருடமாகியும் இங்கத்து வெயிலுக்குப் பழகாத சிவந்த மூக்கு.

"இது என்ன கணக்கு, சிஞ்ஞோரினா?"

இல்தே விளக்கினாள். ஒரு சொல்லை அசை அசையாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வோர் அசைக்கும் ஒரு மொச்சை. அழுத்தம் விழும் அசைக்குச் சிவப்பு, மற்றவற்றுக்கு வெள்ளை. எழுத்துக்கூட்டத் தெரியாதவர்கள்கூட மொச்சையை வைத்துச் சொல்லைக் கண்ணால் பார்த்துவிடலாம். வளர்ந்தவர்களைக் குழந்தைகள் மாதிரி கைதட்டச் சொன்னால் வெட்கப்பட்டார்கள். அதனால்தான் மொச்சை.

"இந்த அஞ்சு வரிசையும் என்ன சொல்?"

அவள் உறைக்குள்ளிருந்த தாளை எடுத்தாள். தேர்வில் பிரிக்க வேண்டிய ஐந்து சொற்கள் அதில் இருந்தன. ஃபினெஸ்த்ரா, தெலெஃபொனோ, சித்தா, தாவொலோ, முராதோரே. ஜன்னல், தொலைபேசி, நகரம், மேசை, கொத்தனார். மூன்று மொச்சை, நான்கு, இரண்டு, மூன்று, நான்கு. சிவப்பும் சரியான இடங்களில் இருந்தது.

"யாரோ தாளைத் திறந்து, இங்க உக்காந்து பழகிப் பாத்திருக்காங்க" என்றாள் மெல்லிய குரலில்.

தோரிகோ மேசையை இன்னொரு முறை பார்த்தார். ஐந்து வரிசைகளும் மேசையின் இடது ஓரத்திலிருந்து தொடங்கின, சட்டைப் பொத்தான் போல ஒன்றன்கீழ் ஒன்றாக. வலது பக்கம் நீளமும் குட்டையுமாக முடிந்தன. சிவப்பு மொச்சைகள் ஒன்று முன்னே, ஒன்று பின்னே. மேசையின் நடுவே மேலிருந்து கீழாகச் சாக்குக்கட்டியால் போட்ட மங்கிய கோடு ஒன்று இருந்தது. எல்லா மேசைகளிலும் அதே கோடு உண்டு. தரை சுத்தமாக இருந்தது.

அவர் அதையெல்லாம் குறிப்பேட்டில் வரைந்துகொண்டார். எதற்கென்று அவருக்கே தெரியாது.

தோன் எவரிஸ்தோ கையில் ஒரு தாளோடு உள்ளே வந்தார். புகார் அறிக்கை அதற்குள் எழுதி முடிந்து, முத்திரையும் குத்தப்பட்டிருந்தது. பள்ளிப் பணியாளர் எர்மெலிந்தா தேர்விலிருந்து விலக்கப்பட வேண்டும், பணியிலிருந்தும் நீக்கப்பட வேண்டும். கீழே மரெஷல்லோ கையெழுத்திட இடம் விட்டிருந்தார்.

"ரொம்ப வேகம், தோன் எவரிஸ்தோ."

"முப்பது வருஷ வேலை, மரெஷல்லோ. கை தானா எழுதுது."

"உங்க சாவி?"

எவரிஸ்தோ உள்கோட்டின் பையைத் தட்டினார். "இது என் உடம்பை விட்டு இறங்காது. யாருக்கும் குடுத்ததில்ல. வேணும்னா ஊரைக் கேட்டுப் பாருங்க."

"இந்த மொச்சை வகுப்புக்கு நீங்க வந்திருக்கீங்களா?"

"நானா? சூப் வைக்கிற மொச்சையை எடுத்து வச்சுப் பாடம் நடத்துறாங்க. ஜன்னல் வழியாப் பாத்திருக்கேன், அவ்வளவுதான். நான் படிச்ச காலத்துல எழுத்துக்கு நடுவுல கோடு போட்டுப் பிரிச்சோம்."

அவர் போனதும் தோரிகோ அறிக்கையை நான்காக மடித்துப் பையில் போட்டார். கையெழுத்துப் போடவில்லை. பொதென்ஸாவுக்குத் தொலைபேசியில் பேசி, வேறொரு தேர்வுத்தாள் கட்டை அதிகாரியின் கையில் கொடுத்தனுப்பச் சொன்னார். ஆக, தேர்வு நடக்கும். எர்மெலிந்தா எழுதுவாளா என்பதுதான் கேள்வி.

காலை 8.40.

எர்மெலிந்தா வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. புதுத் துணியில் தைத்த கறுப்புப் பாவாடையின் மடிப்பைத் திரும்பத் திரும்ப நீவிக்கொண்டிருந்தாள்.

"சாவி எங்க?"

இடுப்புக் கயிற்றைக் காட்டினாள். தூங்கும்போதும் அங்கேதான் என்றாள்.

"நேத்து எத்தனை மணிக்குப் பூட்டின?"

"சாயங்காலம் ஆறு மணிக்கு. பெருக்கிட்டு, மேசையெல்லாம் துடைச்சுட்டு, பூட்டினேன்."

"இன்னைக்குக் காலைல?"

"ஊத்துல தண்ணி எடுத்துட்டிருந்தேன். என்னை அங்க பாத்தவங்க பத்துப் பேரு இருப்பாங்க. ஆனா விடியக்காலை அஞ்சு மணிக்கு நான் எங்க இருந்தேன்னு கேட்டா, சாட்சிக்கு என் ஆடு மட்டும்தான்."

தோரிகோவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "இந்தச் சான்றிதழ் உனக்கு எதுக்கு?"

அவள் சொன்னாள். சான்றிதழ் இருந்தால் வேலை நிரந்தரமாகும். ஆனால் அது பாதிதான். கணவன் சவேரியோ ஐந்து வருடமாக பெல்ஜியத்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் இருக்கிறான். அவன் எழுதும் கடிதங்களை எவரிஸ்தோதான் வாசித்துக் காட்டுவார், பதிலும் அவரே எழுதுவார். பதில் எழுத முந்தைய கடிதம் வேண்டுமென்று எல்லாவற்றையும் தன் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். அவள் படிக்கச் சேர்ந்தபோது கேட்டாள். சதுக்கத்தில் பத்துப் பேர் நடுவே அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: நீ என்றைக்குச் சான்றிதழ் வாங்குகிறாயோ, அன்றைக்கு அத்தனையையும் ரிப்பன் கட்டித் தருகிறேன்.

"அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாங்க, மரெஷா. நான் சிரிக்கல. நாள் எண்ணிட்டிருக்கேன்."

இந்த ஊரில் யாரும் யாரையும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வீடுகள் பள்ளத்தாக்கின் இரண்டு பக்கமும் தொங்குகின்றன. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கூப்பிட்டால், அழுத்தம் விழும் அசைவரைதான் குரல் போய்ச் சேரும். பின்னால் வருவதைக் காற்று தின்றுவிடும். அதனால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள். எர்மெலிந்தா எர்மெலீ ஆகிவிடுவாள். மரெஷல்லோ, மரெஷா. எவரிஸ்தோ ஒருவர்தான் தன் பெயரை வெட்ட விடமாட்டார். முழுதாகச் சொன்னால்தான் திரும்பிப் பார்ப்பார்.

காலை 9.15.

தேவாலயத்துப் பின்சுவரைக் கொத்தனார் ரோக்கோ பூசிக்கொண்டிருந்தான். அவனும் இன்று தேர்வு எழுத வேண்டியவன். பாதிச் சுவரில் கரணையை வைத்துவிட்டு, கட்டைச் சுவர்மேல் மொச்சைகளைப் பரப்பியிருந்தான்.

"எர்மெலீயைப் பிடிச்சுட்டீங்களாமே, மரெஷா? ஆட்டையும் சேத்துக் கட்டிப் போடுங்க. அதுவும் எங்களோட உக்காந்து பாடம் கேட்டிருக்கு."

"நீ வேலை செய்யுறியா, விளையாடுறியா?"

"ரெண்டுக்கும் நடுவுல தேர்வு இருக்கு. இருங்க, ஒரு சொல்லு பாக்கி." ரோக்கோ பள்ளத்தாக்கைப் பார்த்துக் கைகளைக் குவித்து, "தொமேஏஏ" என்று கத்தினான். எதிர்க்கரையில் ஒரு நாய் குரைத்தது. இரண்டு கற்களுக்கு நடுவே ஓடிய சாந்துக் கோட்டின்மேல் ஒரு சிவப்பு மொச்சையை வைத்தான். பிறகு அதற்கு இடப்பக்கம் ஒரு வெள்ளை, வலப்பக்கம் இரண்டு வெள்ளை. "தொ-மே-னி-கா. ஞாயித்துக்கிழமை. சரிதானே?"

"சரி. எனக்கும் மூணு குடு."

தோரிகோ தன் பெயரை வைத்துப் பார்த்தார். வெள்ளை, சிவப்பு, வெள்ளை. தோ-ரி-கோ.

ரோக்கோ சிரித்தான். "பாத்தாலே தெரியுது, நீங்க படிச்சவருன்னு."

"ஏன், தப்பா?"

"தப்பில்ல. எல்லாம் சரியாத்தான் இருக்கு. மூலைக்கல்லு வைக்காம சுவர் எழுப்புற மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான்."

தோரிகோ குறிப்பேட்டைத் திறந்து, காலையில் வரைந்த படத்தைப் பார்த்தார். பிறகு வேறொன்று கேட்டார். எர்மெலிந்தாவுக்கு ஏதாவது நிலம் உண்டா?

இருந்தது, என்றான் ரோக்கோ. அவள் அப்பா கொடுத்த ஒலிவத் தோப்பு, முப்பத்தாறு மரம். போன வருடத்துக்கு முந்தின வருடம் சவேரியோ கடிதம் எழுதியிருந்தானாம், தான் இனி ஊருக்குத் திரும்பப்போவதில்லை, தோப்பை விற்றுவிடு என்று. அவள் மூன்று நாள் சாப்பிடவில்லை. பிறகு பத்திரத்தில் கையெழுத்துக்குப் பதிலாகப் பேனாவால் ஒரு சிலுவை போட்டாள்.

"வாங்கினது யாரு?"

"எவரிஸ்தோவோட மச்சினன். வேற யாருக்கு அவ்வளவு அவசரம் இருக்கும்?"

காலை 10.05.

வகுப்பறையில் ஐந்து பேர். தோரிகோ நான்கு மேசைகளை ஒன்றுக்கொன்று முதுகு காட்டும்படி திருப்பிப் போட்டிருந்தார். இல்தே ஒன்றில், எர்மெலிந்தா ஒன்றில், ரோக்கோ ஒன்றில், எவரிஸ்தோ ஒன்றில். நால்வர் முன்னாலும் ஒரு கிண்ணம் மொச்சை.

எவரிஸ்தோ உட்காரவில்லை. "இது என்ன கூத்து, மரெஷல்லோ?"

"சின்ன உதவி. மூணு சொல்லு சொல்றேன். மொச்சையால பிரிச்சு வைங்க. உங்களுக்குத்தான் கை தானா ஓடுமே."

எவரிஸ்தோ உட்கார்ந்தார்.

தோரிகோ சொன்னார்: மரெஷல்லோ. சித்தா. தாவொலோ.

எர்மெலிந்தா கண்ணை மூடி, அடிக்குரலில், தூரத்தில் இருக்கும் யாரையோ அழைப்பதுபோல் ஒவ்வொரு சொல்லையும் இழுத்தாள். இல்தேயின் உதடுகளும் அசைந்தன. ரோக்கோ கத்தியேவிட்டான். எவரிஸ்தோ மட்டும் சத்தமில்லாமல், மளமளவென்று வைத்து முடித்துக் கைகளைக் கட்டிக்கொண்டார்.

தோரிகோ நான்கு மேசைகளையும் சுற்றி வந்தார். நான்கிலும் விடை சரி. யாரும் ஒரு மொச்சைகூடத் தவறாக வைக்கவில்லை.

"அப்ப இதுல என்ன தெரிஞ்சுது?" என்றார் எவரிஸ்தோ.

"எல்லாரும் எழுந்து வந்து பாருங்க."

இல்தேயின் மேசையில் சிவப்பு மொச்சைகள் மூன்றும் நடுக்கோட்டின்மேல் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. வெள்ளைகள் இரண்டு பக்கமும் கூடக்குறைய நீண்டிருந்தன, மீன் முள்ளைப்போல. எர்மெலிந்தாவின் மேசையிலும் அப்படியே. ரோக்கோவின் மேசையிலும் அப்படியே. எவரிஸ்தோவின் மேசையில் வரிசைகள் இடது ஓரத்திலிருந்து, சட்டைப் பொத்தான் போல ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடங்கின. நடுக்கோட்டை அவர் கவனிக்கவே இல்லை.

தோரிகோ குறிப்பேட்டைத் திறந்து காலைப் படத்தைப் பக்கத்தில் வைத்தார்.

இல்தே வாயைப் பொத்திக்கொண்டாள். "கடவுளே, நான் கவனிக்கலையே. விடை சரியா இருக்கான்னு மட்டும்தான் பாத்தேன்."

"நானும் அப்படித்தான், சிஞ்ஞோரினா. நானும் பள்ளிக்கூடத்துல உக்காந்து இடப்பக்கத்துலேருந்து எழுதப் பழகின கை. எனக்கு அது வித்தியாசமாவே தெரியல. ரோக்கோ சிரிச்சதுக்கப்புறம்தான் புரிஞ்சுது." அவர் எவரிஸ்தோ பக்கம் திரும்பினார். "இவங்க யாரும் தாளைப் பாத்து சொல்லைக் கத்துக்கல. பள்ளத்தாக்கைப் பாத்துக் கத்துக்கிட்டாங்க. குரல் எங்க நிக்குதோ அங்கதான் முதல் மொச்சை விழும், அதுவும் சிவப்பு, அதுவும் கோட்டுமேல. மத்ததெல்லாம் அப்புறம். ரெண்டு வருஷமா எர்மெலிந்தா வேற மாதிரி வச்சதே இல்ல. காலைல அவ மேசைல மொச்சையை வச்சது, முன்னாடியே எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர். ஜன்னல் வழியா வெள்ளை சிவப்புன்னு பாத்தவரு. எது முதல்ல விழுதுன்னு பாக்காதவரு."

"எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க ஊர்ல எத்தனையோ பேர். நீங்களும்தான்."

"நானும்தான். ஆனா என்கிட்ட சாவி இல்ல. சாவி மூணு. ரெண்டு பேரோட கை சிவப்பை முதல்ல வைக்குது. மூணாவது சாவி உடம்பை விட்டு இறங்கினதே இல்லன்னு நீங்களே சொன்னீங்க."

வெளியே யாரோ யாரையோ பள்ளத்தாக்கு தாண்டிக் கூப்பிட்டார்கள்.

"இன்னொண்ணு" என்றார் தோரிகோ. "கூட்டிப் பெருக்குறதே வேலையா இருக்குறவ, பதினாறு மொச்சையை மேசைல விட்டுட்டுப் போவாளா? அப்பவே எனக்கு உறுத்துச்சு. ஏன் செஞ்சீங்கன்னு நான் கேக்கப் போறதில்ல. உங்க இழுப்பறை சொல்லும். இழுப்பறைச் சாவியையும் சேத்துக் குடுங்க."

எவரிஸ்தோ உள்கோட்டுப் பைக்குள் கை விட்டார். கை வெளியே வர நேரமாயிற்று.

"அந்தக் கடிதத்தையெல்லாம் எரிச்சிருக்கலாமே, தோன் எவரிஸ்தோ" என்றான் ரோக்கோ. குரலில் கேலி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசைதான்.

எவரிஸ்தோ அவனைப் பார்க்காமல் பதில் சொன்னார். "நான் எழுத்தர். ஒரு காகிதத்தையும் எரிச்சதில்ல."

காலை 10.40.

கடிதக் கட்டு தோரிகோவின் கையில் இருந்தது. நாற்பத்தொன்று. இல்தே வாசிக்கக் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை.

"இது அவளுக்கு வந்தது. அவளே வாசிக்கட்டும். நான் காத்திருக்கேன்."

"அவ தேர்வுல தவறிட்டா?"

"அப்பவும் அவளே வாசிக்கட்டும்."

மடித்து வைத்திருந்த புகார் அறிக்கையை அவர் எடுத்து, தனக்கென விட்டிருந்த இடத்தின்மேல் குறுக்காக ஒரு கோடு போட்டார். எவரிஸ்தோவைக் காவலர் ஒருவர் மாடிப்படி வழியாக அழைத்துப் போனார். சதுக்கத்தில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல் "எவரீ!" என்றது. வாழ்நாளில் முதல்முறையாக யாரோ அவர் பெயரை வெட்டிவிட்டார்கள். அவர் திரும்பிப் பார்த்தார்.

பகல் 11.10.

பேருந்து பத்து நிமிடம் தாமதம். தேர்வு அதிகாரி ஒல்லியான மனிதர், கையில் புதிய உறை. பதினொரு பேரும் அவரவர் மேசையில் இருந்தார்கள். மொச்சைக் கிண்ணங்களைப் பார்த்து அவர் புருவம் உயர்த்தினார். இல்தே தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். அவர் தோளைக் குலுக்கி, வைத்துக்கொள்ளட்டும், ஆனால் யாரும் கத்தக் கூடாது என்றார். ரோக்கோ கரணை பிடிக்காத கையால் வாயைப் பொத்திக்கொண்டே தேர்வு எழுதினான்.

எர்மெலிந்தாவுக்கு முதல் பத்து நிமிடம் எழுத்து எதுவும் கண்ணில் ஏறவில்லை. காலையில் அந்த மேசையில் கிடந்த மொச்சைகள்தான் தெரிந்தன. பிறகு உள்ளங்கையால் மேசையைத் துடைத்தாள், தினமும் துடைப்பதுபோல. நடுக்கோட்டின்மேல் ஒரு சிவப்பை வைத்தாள்.

மதியம் 2.30.

பதினொரு பேரில் ஒன்பது பேர் தேறினார்கள். ரோக்கோ கணக்கில் தவறினான். அக்டோபரில் மறுபடி எழுதலாம், அதற்குள் தேவாலயச் சுவராவது முடியும் என்று அவனே சொல்லிக்கொண்டான். எர்மெலிந்தாவின் பெயரை அதிகாரி ஏழாவதாக வாசித்தார்.

தோரிகோ கடிதக் கட்டை அவளிடம் கொடுத்தார். ரிப்பன் கிடைக்கவில்லை. காவல் நிலையத்துச் சணல் கயிற்றால் கட்டியிருந்தார்.

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, தோப்பு விற்ற மாதத்துக் கடிதத்தைத் தேடி எடுத்தாள். விரல் வரிகளின்மேல் மெதுவாக நகர்ந்தது. இல்தே பக்கத்தில் வந்து நின்றாள். தோரிகோ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார்.

"தோப்பை... விக்காதே" என்று வாசித்தாள் எர்மெலிந்தா. நிறுத்தினாள். திரும்பவும் முதலிலிருந்து வாசித்தாள். "தோப்பை விக்காதே. யார் கேட்டாலும் குடுக்காதே. மரத்துக்குக் கீழ கல்லைப் பொறுக்கி வை. எப்ப லீவு குடுக்குறாங்களோ அப்ப..."

அடுத்த சொல்லில் விரல் நின்றது. நீளமான சொல். அவள் இதுவரை படிக்காதது.

"உதவட்டுமா?" என்றாள் இல்தே.

எர்மெலிந்தா தலையை ஆட்டி மறுத்தாள். கடிதத்தோடு எழுந்து ஜன்னலைத் திறந்து, பள்ளத்தாக்கைப் பார்த்து அந்தச் சொல்லைக் கூப்பிட்டாள். குரல் எதிர்க்கரையில் முட்டித் திரும்பியது. அங்கே துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

தோப்புப் பத்திரம் செல்லாதென்று வழக்குப் போடலாம், இந்தக் கடிதமே சாட்சி என்று தோரிகோ பின்னால் சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்கு அது காதில் விழுந்ததா தெரியவில்லை. மேசைக்கு வந்து நடுக்கோட்டின்மேல் ஒரு சிவப்பு மொச்சை வைத்தாள். அதற்கு இடப்பக்கம் ஒரு வெள்ளை. இன்னொன்று. இன்னொன்று. வலப்பக்கம் வைக்க ஒன்றுமே இல்லை. அழுத்தம் கடைசி அசையில். காற்று தின்ன எதுவும் மிச்சம் இல்லாத, முழுதாகப் போய்ச் சேர்கிற சொல்.

ரி-தொர்-னெ-ரோ.

"திரும்பி வருவேன்" என்றாள் எர்மெலிந்தா. பிறகு இல்தேயிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டாள்.